உள்கால் இருபத்தொன்பது

ஒரு விடுகதை சொல்கிறேன். ஓடும்போது அதற்கு இரண்டு கால். நின்றால் மூன்று கால். ஓடும்போது நிமிர்ந்திருக்கும். நின்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். அது என்ன?

அவசரம் இல்லை, யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் தையல்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடை அவர் தலைக்குள்தான் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தையல்காரரின் கடை மாடிப்படிக்குக் கீழே. வீடு அதே படிக்கு மேலே. கடையில் இரண்டே பேர். அவர் அளவெடுப்பார், தைப்பார். அவருடைய மனைவி துணி வெட்டுவார். தையல் கடையில் வெட்டுகிறவர்தானே மாஸ்டர்? அதனால் தெருவே அந்த அம்மாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தையல்காரரும் அப்படியே. அவர்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. உருண்டையாக இருப்பாள், அடிக்கடி காணாமல் போவாள். அதனால் அவளுக்குப் பொத்தான் என்று பெயர்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. அளவு நோட்டில் இருப்பதுதான் வெட்டு. வாயால் யார் என்ன சொன்னாலும் மாஸ்டரின் கத்தரி அசையாது. தையல்காரரும் நோட்டை அழகாக எழுதுவார். மார்புக்குத் தளர்வு சேர்த்து எழுதுவார். கால் அளவு என்றால் கீழே மடித்துத் தைக்க இரண்டு இஞ்சு கூட்டியே எழுதுவார். பதினெட்டு வருஷப் பழக்கம். கை தானாகவே கூட்டிக்கொள்ளும்.

அவர் உயரம் பற்றி ஒரு வார்த்தை. குள்ளம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “அளவான உடம்பு” என்பார். என்ன அளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தெருவில் எல்லோர் காலையும் அளந்தவர் தன் காலை மட்டும் அளந்ததில்லை. அவருடைய பேண்டை மாஸ்டர் கண்ணளவிலேயே வெட்டிவிடுவார்.

ஒரு மத்தியானம். கடையில் கூட்டமில்லை. தையல்காரர் நீலச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினின் மோட்டார் சீராக முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவருடைய வலது கால் மெல்ல அழுந்தியது. ஊசிக்கு அடியில் போன நீலத் துணி அலை அலையாக எழுந்தது. அது துணியே இல்லை, கடல். ஓரத்தில் போன வெள்ளைத் தையல் கடலோரச் சாலை. அந்தச் சாலையில் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் போகிறது. அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு நீளமான கால்கள்! முதுகுக்குப் பின்னால் பொத்தான் சிரிக்கிறாள். தூரத்தில் கலங்கரை விளக்கம் வளர்ந்துகொண்டே வருகிறது…

“ஏங்க.”

“ம்.”

“இந்தச் சட்டையைப் போடறவருக்குக் கை இருக்கா?”

“ஏன், ரெண்டு இருக்கே.”

“எந்த வழியா வெளிய நீட்டுவாரு?”

மாஸ்டர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். கை நுழைகிற வாயை நெருக்கமான தையலில், மிக நேர்த்தியாக, தைத்து மூடியிருந்தது.

தையல்காரர் கனவிலிருந்து முழுக்க இறங்கவில்லை. பாதி தூரத்தில் நின்றபடியே சொன்னார்: “மாஸ்டர், நான் வண்டி வாங்கப் போறேன்.”

“தள்ளுவண்டியா?”

“மோட்டார் சைக்கிள். ஷோரூம் கண்ணாடிக்குள்ள நிக்குதே, கறுப்பா, அது.”

“அதுவா? கூடவே ஏணியும் தருவாங்களாமா?”

“சிரிக்காத. பொத்தானுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வண்டி வந்தா முதல் நடை கலங்கரை விளக்கத்துக்கு. அவ என் பின்னாடி.”

இது மாஸ்டருக்கும் தெரியும். மாடி ஜன்னலில் நின்றால் கலங்கரை விளக்கம் தெரியும், சாக்குக்கட்டி அளவில். பேருந்து அங்கே போகாது. பொத்தான் அதைப் பதினோரு முறை வரைந்துவிட்டாள். பதினோரு படத்திலும் அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஓட்டுகிறவருக்கு மட்டும் இன்னும் முகம் வரையவில்லை. அந்த இடத்தில் வெறும் வட்டம். தையல்காரருக்கு அந்த வட்டத்தின்மேல்தான் கண்.

“எனக்குங்கூட அதைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை” என்றார் மாஸ்டர்.

“உனக்கெதுக்கும்மா வெயில்ல அவ்வளவு தூரம்? நான் பாத்துட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றேனே.”

கத்தரி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. தையல்காரர் அதைக் கவனிக்கவில்லை.

“வாங்குங்க” என்றார் மாஸ்டர். “ஒண்ணே ஒண்ணு. வண்டியில உக்காந்தா ஓட்டறவங்களுக்கு ரெண்டு காலும் தரையில ஊனணும். அப்பத்தான் பிள்ளையை ஏத்தலாம்.”

இவ்வளவு சுலபமாகவா! தையல்காரருக்குத் தன் சாமர்த்தியத்தின்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

எதிர்வரிசையில் மெக்கானிக்கின் பட்டறை. மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

“அண்ணே, புதுசா ஓட்டக் கத்துக்கறவனுக்கு எந்த வண்டி சரி?”

“கால் எட்டற வண்டி.”

“எப்படிக் கண்டுபிடிக்கறது?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “உள்கால் அளவை எடு. தொடை பிரியற இடத்துல இருந்து குதிகால் வரைக்கும். சீட்டு அதைவிட ரெண்டு இஞ்சு உயரமா இருந்தாலும் பரவாயில்ல, முன்பாதம் ஊனும். அதுக்கு மேல போனா ஆபத்து. அப்புறம் சீட்டோட அகலத்தையும் பாரு. அகலமா இருந்தா காலை விரிக்கணும். விரிச்சா கால் குட்டையாயிடும்.”

“அகலம் நீளத்தைத் தின்னுடும்” என்றார் தையல்காரர். இதைத் தையல்காரருக்கா சொல்லித்தர வேண்டும்?

“கனமும் கம்மியா இருக்கணும். சாஞ்சா புடிக்கணுமில்ல? உனக்கு நம்ம வெட்டுக்கிளி போதும்.”

வெட்டுக்கிளி என்பது பட்டறை மூலையில் நின்ற பழைய வண்டி. பச்சை நிறம். ஒல்லி இடுப்பு, இறங்கிய சீட்டு. தையல்காரர் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அதனாலேயே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை. கால் தரையில் இருந்தால் கனவு எப்படி வரும்?

“இது கத்துக்கறதுக்கு மட்டுந்தாண்ணே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளி மைதானத்தில் கற்றுக்கொண்டார். முதல் ஞாயிறு வண்டி அவரை விட்டுவிட்டுத் தனியாக நாலு அடி போனது. இரண்டாம் ஞாயிறு இருவரும் சேர்ந்து போனார்கள். நாலாம் ஞாயிறு மைதானத்தில் எட்டுப் போட்டு வந்தார். ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் வண்டிக் கண்ணாடியைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைப்பார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அது யாரோ உயரமானவருக்காக மேலே நிமிர்ந்திருக்கும்.

“அண்ணே, வெட்டுக்கிளியை வேற யாராவது ஓட்டறாங்களா?”

“ஓட்டறாங்க.”

“யாரு?”

“கத்துக்கறவங்க.”

கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. தையல்காரர் மேலே கேட்கவில்லை.

அந்த மாதம் கடையிலும் ஒரு புதுமை. நூல் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. “நூல் வாங்கிட்டு வரேங்க” என்று மாஸ்டர் வாரத்தில் மூன்று நாள் காலையில் கிளம்புவார். ஒன்றரை மணி நேரம் கழித்து, கன்னம் சிவக்க, ஒரே ஒரு நூல்கண்டுடன் வருவார். கிளிப்பச்சை, கத்தரிப்பூ, குங்குமச் சிவப்பு. அந்த நிறத்தில் யாரும் எதையும் தைக்கக் கொடுத்திருக்கவில்லை. பொத்தானுக்குக் கோடை விடுமுறை. அவளும் கூடவே போவாள்.

“நூல் கடை அவ்வளவு தூரமா?” என்று ஒருநாள் கேட்டார்.

“வளைஞ்சு வளைஞ்சு போகணும்பா” என்றாள் பொத்தான்.

பிறகு ஒருநாள், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தையல்காரர் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். சுவரோடு சுவராக நின்றார். இஞ்ச் டேப்பின் ஒரு முனையைத் தொடை பிரியும் இடத்தில் பிடித்தார். மறுமுனையைக் குதிகாலால் மிதித்தார். குனிந்து படித்தார். கண் படித்துக்கொண்டிருந்தபோது மனம் கடலோரச் சாலையில், மூன்றாவது வளைவில் இருந்தது. கை பாட்டுக்கு நோட்டை எடுத்து எழுதியது: உள்கால், 29.

கறுப்பு வண்டியின் சீட்டு உயரம் முப்பத்தொன்று. கால் இருபத்தொன்பது. வித்தியாசம் இரண்டே இரண்டு. அளந்து வைத்த மாதிரி! திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் வாசற்படியில் குனிந்து வந்தார். குனிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

“மாஸ்டர், இதோ பாரு.”

மாஸ்டர் நோட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தார். உதட்டின் ஓரம் கொஞ்சம் துடித்தது.

“இருபத்தொன்பதா?”

“எழுதியிருக்கில்ல?”

“எழுதியிருக்கு. அப்ப நான் சொன்ன கால் ஊனற விதியையும் பக்கத்துலயே எழுதிடுங்க. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது.”

“யாரு மாறுவா? நானா?” தையல்காரர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டார். நல்ல தெளிவான கையெழுத்தில் எழுதினார்: ‘கறுப்பு வண்டி. உள்கால் இருபத்தொன்பதுக்குக் குறைந்தவர் இதை ஓட்டக் கூடாது. வீட்டில் அந்த அளவு உள்ளவரே ஓட்ட வேண்டும். கலங்கரை விளக்கத்துக்கும் அவரே.’

எழுதியதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். அரசாணை போல இருந்தது. “கையெழுத்துப் போடு மாஸ்டர்.”

“முதல்ல நீங்க போடுங்க.”

அவர் போட்டார். மாஸ்டரும் போட்டார். பொத்தான் சாட்சியாக ஒரு கலங்கரை விளக்கம் வரைந்தாள்.

ஷோரூமுக்கு மூவரும் போனார்கள். கறுப்பு வண்டி பக்கவாட்டுக் காலை ஊன்றி, இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. (விடுகதைக்கு இந்நேரம் விடை கண்டுபிடித்திருப்பீர்கள். தையல்காரரும் கண்டுபிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.) விற்பனையாளர் கைகொடுக்க, தையல்காரர் ஒரு எட்டு, ஒரு எம்பு, ஒரு இழுப்பு என்று ஏறி உட்கார்ந்தார். இடது கால் தரையைத் தொட்டது! வண்டிதான் அவர் பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் தொட்டது. ஆனால் தரை காலில் பட்டதும் தையல்காரருக்குக் கண்ணாடிச் சுவர் மறைந்தது, குழல் விளக்குகள் மறைந்தன, காதில் அலைச் சத்தம் கேட்டது.

“சார், உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு!” என்றார் விற்பனையாளர்.

“வலது கால்?” என்று கேட்டார் மாஸ்டர். வலது கால் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

“அது பிரேக்குக்குத்தானேங்க” என்றார் விற்பனையாளர்.

“சீட்டு முன்பக்கம் ஒடுக்கமா இருக்கா? முன்னால தள்ளி உக்காந்தா கால் இன்னும் கொஞ்சம் இறங்குமில்ல?”

விற்பனையாளர் வியந்தார். “கரெக்டாக் கேக்கறீங்களே!” பெருமையாகத் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரரும் பெருமையாகச் சிரித்தார். இதை மாஸ்டர் எங்கே கற்றுக்கொண்டார் என்று அவர் யோசித்திருக்கலாம். அலைச் சத்தத்தில் யோசிக்க முடியவில்லை.

வண்டி வர இருபது நாள் ஆகும் என்றார்கள். அந்த இருபது நாளும் தையல்காரர் தரையில் நடந்ததாகத் தெரியவில்லை. பொத்தானுக்குச் சின்னதாக ஒரு தலைக்கவசம் வாங்கினார். உள்ளே உறுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்து மெத்தை தைத்தார். அதை எடுத்துக் கடை ஆணியில் மாட்டுவார், தூர நின்று பார்ப்பார், மறுபடி எடுத்துத் துடைப்பார்.

அந்த நாட்களில் தைத்ததில் ஒரு பேண்ட் மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கெட்டியான சாம்பல் துணி. மாஸ்டர் வெட்டிக் கொடுத்தார். “முட்டிக்கு ரெட்டைத் துணி வெச்சுத் தைங்க.”

“யாருக்கு?”

“ஒரு அம்மாவுக்கு. வண்டி ஓட்டப் போறாங்களாம்.”

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். “வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?”

“அவருக்கு இன்னும் தெரியாது.”

“அடப் பாவமே!” தையல்காரருக்கு அந்த முன்பின் தெரியாத மனிதர்மேல் இரக்கம் சுரந்தது. “ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாம ஒருத்தன் இருப்பானா மாஸ்டர்?”

“இருப்பாரு போல.”

“என்ன பண்ணிட்டு இருப்பான் அந்த ஆளு?”

“கனவு கண்டுட்டு இருப்பாரு” என்றார் மாஸ்டர்.

தையல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தைத்தார். ஆனாலும் சகபயணி அல்லவா? முட்டிக்கு இரட்டைத் தையல் போட்டார். சாவி விழாமல் இருக்கப் பைக்கு மூடி வைத்தார். கேட்காமலேயே செய்தார். மடித்துத் தைக்க மட்டும் அளவு பார்த்தபோது முடிந்த உள்கால் நீளம் சரியாக இருபத்தொன்பது வந்தது. “நம்ம கால்!” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

இருபதாம் நாள் காலை வண்டி வந்து கடை வாசலில் நின்றது. மெக்கானிக் பட்டறையிலிருந்து வந்துவிட்டார். பொத்தான் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பன்னிரண்டாவது படம். ஓட்டுகிறவரின் முகம் இன்னும் வட்டம்தான். பக்கத்தில் பென்சில் தயாராக இருந்தது.

தையல்காரர் ஏறினார். இடது கால் தொட்டது. பொத்தானைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

“வண்டியை நிமித்து” என்றார் மெக்கானிக்.

நிமிர்த்தினார். அவ்வளவுதான். தரை மெதுவாகக் கீழே போய்விட்டது. இடது காலுக்கும் தரை இல்லை, வலது காலுக்கும் இல்லை. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார். இன்னும் நீட்டினார். ஒரு நொடி, கறுப்பு வண்டியின்மேல், எதன்மேலும் படாமல், அவர் உண்மையிலேயே மிதந்தார். அவர் கண்ட கனவிலேயே அதுதான் மிகவும் அழகான நொடி. பிறகு வண்டி மிகவும் மரியாதையாக வலது பக்கம் சாயத் தொடங்கியது. மெக்கானிக் ஒரு கையால் வண்டியைப் பிடித்தார். இன்னொரு கையால் தையல்காரரைப் பிடிக்கவில்லை. தையல்காரர் தைத்து அடுக்கியிருந்த திரைச்சீலை மூட்டையின்மேல் போய் மெத்தென்று உட்கார்ந்தார்.

“அடி பட்டுச்சாங்க?” மாடியிலிருந்து மாஸ்டரின் குரல்.

“படல. வண்டிதான் உயரமாயிடுச்சு! ஷோரூம்ல இப்படி இல்ல!”

“ஷோரூம்ல சாஞ்சு நின்னுச்சு” என்றார் மெக்கானிக்.

“ஆனா என் கால் இருபத்தொன்பது! நோட்டுல இருக்கே!”

“பொத்தான், அப்பாவை அளந்து பாரு” என்றது மாடியிலிருந்து வந்த குரல்.

பொத்தான் டேப்பை எடுத்து வந்தாள். அப்பாவைச் சுவரோரம் நிறுத்தினாள். தையல்காரரின் மகளாயிற்றே, டேப் தொய்யாமல் பிடித்தாள். “இருபத்தேழு” என்றாள்.

“இல்லையே, நான் இருபத்தொன்பதுன்னு…” தையல்காரர் நிறுத்தினார். தன் வலது கையைப் பார்த்தார். அது பதினெட்டு வருஷமாகத் தானாகக் கூட்டுகிற கை.

“மடிச்சுத் தைக்க ரெண்டு” என்றாள் பொத்தான். “அப்பா, உங்க கால்ல எங்க மடிப்பீங்க?”

அப்போது மாஸ்டர் படியிறங்கி வந்தார். சாம்பல் நிறப் பேண்ட். முட்டிக்கு இரட்டைத் தையல். பைக்கு மூடி.

தையல்காரர் அந்தப் பேண்டைப் பார்த்தார். அதன் தையலைப் பார்த்தார். அடப் பாவமே என்று இரண்டு வாரத்துக்கு முன் தான் இரங்கிய அந்த முன்பின் தெரியாத மனிதரை இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“மாஸ்டர்… நூல் வாங்கப் போனது?”

“அதான் போறப்பல்லாம் ஒண்ணு கொண்டு வந்தேனே.”

“கண்ணாடி?”

“நான்தான் திருப்பி வெச்சேன். நீங்க இறக்கி இறக்கி வெச்சீங்க.”

தையல்காரர் மெக்கானிக்கிடம் திரும்பினார். “அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“கத்துக்கறவங்கன்னு சொன்னேனே. மேல நீ கேக்கல.”

“எங்கிட்டச் சொல்லியிருந்தா உனக்கு நானே வாங்கிக் குடுத்திருப்பேனே!”

“சொன்னேனேங்க” என்றார் மாஸ்டர். கோபமில்லாமல், ஊசியில் நூல் கோப்பதுபோல நிதானமாகச் சொன்னார். “எனக்கும் பாக்கணும்னு சொன்னேன். நீங்க பாத்துட்டு வந்து சொல்றேன்னீங்க.”

மாஸ்டர் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். வீட்டில் அந்த அளவு உள்ளவரே ஓட்ட வேண்டும். கீழே தெளிவான கையெழுத்து. தையல்காரரால் அதைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் எழுதியதிலேயே நன்றாக அமைந்த வாக்கியம் அது.

மாஸ்டர் ஏறினார். வண்டியை நிமிர்த்தினார். முன்னால் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றின. கச்சிதம்.

தையல்காரர் தெருவைக் கடந்து பட்டறைக்குள் போனார். வரும்போது வெட்டுக்கிளியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஏறினார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அது இப்போது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. கண்ணாடியைத் தன் கண்ணுக்கு இறக்கினார். அதில் ஒரு துண்டு வானம் தெரிந்தது; அந்த வானத்தின் கோடியில் எங்கோ கலங்கரை விளக்கம். பரவாயில்லை. சாலை அதே சாலை. கடல் அதே கடல். முதுகுக்குப் பின்னால் பொத்தான் இருந்தால் போதும், எந்த வண்டியாக இருந்தால் என்ன?

“வாக்குன்னா வாக்கு மாஸ்டர்” என்றார். “வண்டிக்குத்தான் விதி எழுதினோம். பொத்தானுக்கு எழுதல.”

“சரிதான்” என்றார் மாஸ்டர். “அவளையே கேளுங்க.”

தையல்காரர் மெத்தை தைத்த தலைக்கவசத்தை ஆணியிலிருந்து எடுத்துவர மெக்கானிக்கிடம் சொன்னார். அதை வெட்டுக்கிளியின் கைப்பிடியில், பொத்தானுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினார். பின்சீட்டைச் சட்டைக் கையால் ஒரு துடை துடைத்தார்.

“பொத்தான், யாரு கூட வர்றம்மா?”

பொத்தான் படியிலிருந்து எழுந்தாள். கறுப்பு வண்டியைப் பார்த்தாள். பச்சை வண்டியைப் பார்த்தாள். நேராக வெட்டுக்கிளியை நோக்கி நடந்து வந்தாள். தையல்காரருக்குக் கடல் சத்தம் கேட்டது. முன்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

பொத்தான் தலைக்கவசத்தைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். “மெத்தை நல்லா இருக்குப்பா” என்றாள்.

அம்மாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.